கடல் கடந்து வந்தோர் – 14: அர்மீனியரின் சென்னையில் ஒரு பகல்

சென்ற அத்தியாயத்தை, புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையினுள், லத்தீனும் தமிழும் பொறித்த கல்லின் கீழ் அடங்கியிருக்கும் டிலனாயின் சரித்திரத்தோடு நிறுத்தினோம். டச்சுக் கும்பினிக்கு ஊழியம் செய்ய வந்து, 1741-ஆம் ஆண்டில் குளச்சல் கரையில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அந்த மகாராஜாவுக்கே ‘வலிய கப்பித்தானாக’ உயர்ந்து, 1777-ல் நம் மண்ணிலேயே கண் மூடிய அந்த வீரர், வாளை ஏந்தி வந்தவர், வாளினாலேயே வாழ்ந்தவர். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நம் பாடப் புத்தகங்கள் வரிசைப்படுத்தும் நால்வரும் அவ்வாறு வந்தவர்களே. இந்த நால்வருக்கும் முன்னரே நம் கடற்கரைகளை அறிந்து, படையும் கோட்டையும் கொடியும் இன்றி, தராசையும் கணக்கேட்டையும் வேதப் புத்தகத்தையும் மட்டுமே துணையாகக் கொண்டு வந்த ஐந்தாவது ஜாதியார் ஒருவர் உண்டு. அவர்களே அர்மீனியர்.

தக்கலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை, இந்த அர்மீனியரின் சின்னங்களைக் காட்டுவதற்கென்றே ஒரு பகற்பொழுது சென்னைக்கு அழைத்துச் செல்வது என்று அப்பள்ளியின் சரித்திர ஆசிரியர் முடிவு செய்து, என்னையும் உடன் வரும்படி அன்போடு அழைத்தார். சென்னைக்குச் சுற்றுலா என்றால் கடற்கரை, வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கலங்கரை விளக்கம் என்று திட்டமிடும் வழக்கத்தினின்று விலகி, சென்னைவாசிகளே பெரும்பாலும் எட்டிப் பாராத நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்த அவருடைய துணிவு பாராட்டத் தக்கது. அந்த ஒரு நாளையே இந்த அத்தியாயத்துக்கு வழித்துணையாகக் கொள்கிறேன். பிள்ளைகள் கண்ட வரிசையிலேயே நாமும் காண்போம்.

அவ்விடங்களுக்குச் செல்லுமுன், இம்மக்கள் யார் என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு அர்மீனியா. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்து மதத்தை ராஜ்ய மதமாக ஏற்ற தேசம் அது, கி.பி. 405-ஐ ஒட்டி மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி அமைத்த எழுத்துகளால் தன் வேதத்தையும் இலக்கியத்தையும் எழுதிக்கொண்ட தேசமும் அதுவே. ஆயினும் ஒருபுறம் துருக்கியரும் மறுபுறம் பாரசீகரும் நெருக்க, அந்நாடு நெடுங்காலம் தனக்கென ஓர் அரசின்றித் தவித்தது. 1604-ஆம் ஆண்டில், துருக்கியரோடு நடந்த யுத்தத்தில், எதிரிக்கு ஒரு மணி தானியமும் கிட்டாதவாறு எல்லைப் பிரதேசத்தைப் பாழாக்க எண்ணிய பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராக்ஸ் நதிக்கரையில் செழித்திருந்த ஜூல்பா என்னும் வர்த்தக நகரத்தின் குடிகள் அனைவரையும் பெயர்த்தெடுத்து, தம் தலைநகரான இஸ்பஹானுக்கு அருகே கொண்டுபோய்க் குடியமர்த்தினார். வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோர் அங்கே எழுப்பிய ஊருக்குப் புதிய ஜூல்பா என்று பெயரிட்டனர். அப்புதிய ஜூல்பாவின் வர்த்தகக் குடும்பங்களே, பாரசீகப் பட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சூரத், ஆக்ரா, சென்னை, கல்கத்தா, டாக்கா, மணிலா, பத்தாவியா என்று ஆசியா முழுவதிலும் தங்கள் வாணிபக் கிளைகளைப் பரப்பின. 1688-ஆம் ஆண்டு லண்டனில், கோஜா பானூஸ் கலந்தார் என்ற அர்மீனியர் ஆங்கிலக் கும்பினியாரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி குறிப்பிடத்தக்கது: கும்பினியின் எந்தப் பட்டணத்தில் 40 அர்மீனியர் குடியேறினாலும், அவர்கள் வழிபடுவதற்கு ஒரு கோயிலைக் கும்பினியே கட்டித் தந்து, குருவுக்கு ஏழாண்டுகள் ஆண்டொன்றுக்கு 50 பவுன் அளிக்க வேண்டும் என்பது. வியாபார ஒப்பந்தத்தின் நடுவே கோயிலைக் கேட்டு வாங்கிய ஜனங்கள் அவர்கள்!

மாலையில் நாகர்கோவிலில் கன்னியாகுமரி விரைவு வண்டியில் ஏறிய பிள்ளைகள், அதிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலைக்குப் போய்ச் சேர்ந்தனர். முதல் தரிசனம் பரங்கிமலை. திருவிதாங்கோட்டு அரைப்பள்ளியை அன்றாடம் கடந்து செல்லும் பிள்ளைகள் அக்கூட்டத்தில் பலர் இருந்தனர்; அந்தப் பழம்பள்ளியை அப்போஸ்தலர் தோமாவே கி.பி. 63-ல் ஸ்தாபித்தார் என்பது நம் பக்கத்து ஐதீகம். அதே தோமா உயிர் துறந்த இடமென்று கிறிஸ்தவர் போற்றும் மலையின் அடிவாரத்தில் நிற்கிறோம் என்று ஆசிரியர் சொன்னதும், நெடும் பயணத்தின் களைப்பையும் மறந்து பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தனர்.

மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 160 கற்படிகள். இப்படிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் சொந்தச் செலவில் அமைத்தவர், கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். ‘கோஜா’ என்பது செல்வாக்குள்ள வணிகருக்குப் பாரசீகம் வழங்கிய மரியாதைப் பட்டம். புதிய ஜூல்பாவில் பிறந்து, மணிலாவில் பொருளீட்டி, 1720-களில் சென்னைக்கு வந்து நிலைத்தவர் இவர். மணிலாவின் பெயர் இங்கே தற்செயலாக வரவில்லை. ஸ்பானியர் ஆண்ட அத்துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல்களுக்கு இடமில்லை. ஆசியர் என்ற முறையில் அர்மீனியருக்கு இடமுண்டு. ஆகவே சோழமண்டலத்து நெசவாளர் நெய்த துணிகள் அர்மீனியர் பெயரில் மணிலாவுக்குச் சென்றன; அதற்கு ஈடாக அமெரிக்காவின் வெள்ளி சென்னைக்கு வந்தது. நம் நாட்டுத் தறியின் உழைப்பும் கலந்த அந்தச் செல்வத்தின் ஒரு பகுதிதான், பரங்கிமலையில் படிக்கற்களாக இன்றும் கிடக்கிறது.

அர்மீனியருக்கும் தோமாவின் ஸ்தலத்துக்கும் உள்ள உறவு உஸ்கானுக்கும் இருநூறாண்டு முற்பட்டது. 1517-ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து திரும்பிய போர்த்துக்கீசியர் இருவருக்கு, மயிலாப்பூரில் பாழடைந்து கிடந்த தோமாவின் கல்லறைக் கோயிலை அழைத்துச் சென்று காட்டியவர் கோஜா இஸ்கந்தர் என்ற அர்மீனியரே. மலையுச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ல் கோயில் எழுப்பியதும், அவ்விடத்தைத் தோண்டுகையில் பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்ததும் அதன் பின் நிகழ்ந்தவை. வாஸ்கோ ட காமாவின் சந்ததியாருக்கு முன்பே இந்தக் கரையில் கும்பிட்டு நின்றவர்கள் அர்மீனியர் என்பதை இந்த ஒரு செய்தியே காட்டும். ததேயு, பர்த்தொலொமேயு என்னும் இரு அப்போஸ்தலர்களே தங்கள் நாட்டுக்கு வேதத்தைக் கொணர்ந்தவர்கள் என்று போற்றும் ஜனங்களுக்கு, மற்றோர் அப்போஸ்தலர் கிழக்கே வந்து மாண்ட இடம் யாத்திரைக்குரிய க்ஷேத்திரமாகத் தோன்றியது இயல்பேயன்றோ.

இனி, சைதாப்பேட்டை. மலையுச்சியில் கட்டுச்சோற்றையும் ஏத்தங்காய் உப்பேரியையும் பகிர்ந்து உண்டபின், வாடகை வண்டியில் பிள்ளைகள் அடையாற்றுப் பாலத்துக்கு வந்தனர். அந்நாளில் சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்கள் அடையாற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வழி அடைபட்டுப் போகும். 1726-ஆம் ஆண்டில் உஸ்கான் அங்கே பல வளைவுகள் கொண்ட கற்பாலம் ஒன்றைத் தம் பொருளால் கட்டினார். மாம்பலத்தின் பெயரை ஆங்கிலேயர் உச்சரித்தவாறு ‘மர்மலாங் பாலம்’ என்று அது வழங்கிற்று. பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன். அதைப் பழுது பார்த்து வருவதற்கென்று பின்னர் வைத்துச் சென்ற மூலதனம் 1,500 வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று பிற்காலத்தில் கும்பினியார் வகுத்த கணக்குப்படி பார்த்தால், பாலத்துக்கு மட்டும் ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய் ஆகிறது. மார்த்தாண்ட வர்மர் திருவிதாங்கூரின் பட்டமேறியதற்கு மூன்றாண்டு முந்திய காலத்து ரூபாய் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, “சாரே, இவ்வளவு துட்டையும் ஒரே ஆளா போட்டாரு? ராஜா ஒண்ணும் குடுக்கலியா?” என்று வியந்து கேட்டாள். ராஜாவும் கொடுக்கவில்லை, கும்பினியும் கொடுக்கவில்லை என்று ஆசிரியர் விடை சொன்னார். அவர் தொடர்ந்து சொன்ன உவமையையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நாஞ்சில் நாட்டுப் பழஞ்சாலைகளில், கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் பெயரால் உறவினர் நாட்டிய சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. தலைச்சுமையோடு வருகிற யாரோ ஒருவர், கல்லை நாட்டியது யார் என்று அறியாமலே சுமையை இறக்கி இளைப்பாறிப் போகிறார். இப்பாலமும் அந்தக் குலத்தைச் சேர்ந்த தர்மந்தான் என்றார் அவர். பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உஸ்கானின் பழம்பாலம் இப்போது இல்லை. நம் மாத்தூர்த் தொட்டிப்பாலம் எழுந்த அதே 1960-களில், அந்த இடத்தில் மறைமலையடிகள் பெயரால் புதிய பாலம் எழுந்தது. சைதாப்பேட்டைக் கரையில், பாரசீகம், அர்மீனியம், லத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் எழுத்துப் பொறித்த உஸ்கானின் கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. பேருந்துகளும் லாரிகளும் இரைந்து செல்லும் சாலையின் ஓரத்தில், ஒருவரும் நின்று நோக்காத அந்தக் கல்லின் முன் நம் பிள்ளைகள் கூட்டமாக நின்றபோது, வழிப்போக்கர் சிலர் ‘இங்கே என்ன விசேஷம்?’ என்று கேட்டுத் தாமும் நின்றனர். கேட்டவர்களுக்குப் பிள்ளைகளே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டனர். ஒரு நகரம் தன் உபகாரிகளை இவ்வளவு எளிதாக மறப்பது நியாயமா என்ற வருத்தம் எனக்கு அங்கே எழுந்தது. இருநூறாண்டுக்கு மேலாக லட்சோபலட்சம் கால்களும் சக்கரங்களும் கடந்த வழி அது.

அடுத்து வேப்பேரி. இன்று தூய மத்தியா ஆலயம் நிற்கும் வளாகத்தில் அற்புத மாதாவின் பெயரால் உஸ்கான் ஒரு சிற்றாலயம் கட்டியிருந்தார். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அவருடைய அந்திம காலம் துன்பம் மிகுந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, கோட்டைக்குள் இருந்த அவருடைய உடைமைகளைக் கைப்பற்றினர். தங்கள் பக்கம் சேர்ந்தால் அனைத்தையும் திருப்பித் தருவதாக அவர்கள் ஆசை காட்டியும், ஆங்கிலேயரோடு கொண்ட உறவைக் கைவிட அவர் இசையவில்லை. அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த பலன் என்ன? 1749-ல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கர்களையும் அர்மீனியர்களையும் பிரெஞ்சுக்காரருக்கு உடந்தையானவர்கள் என்று சந்தேகித்து, வெள்ளையர் பட்டணத்தினின்று வெளியேற்றத் துணிந்தனர். உஸ்கான் 1751-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் காலமானார். அவர் உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும், அவர் விரும்பியவாறே, ஒரு பேழையில் வைக்கப்பெற்று, பிறந்த ஊராகிய புதிய ஜூல்பாவுக்கு அனுப்பப்பட்டது.

மறு ஆண்டே அவருடைய ஆலயத்தைக் கும்பினியார் எடுத்து, சீர்திருத்தச் சபையின் குருவாகிய பப்ரீஷியஸ் ஐயரிடம் ஒப்படைத்தனர். நம் மாவட்டத்தில் பப்ரீஷியஸின் பெயரை அறியாத சீர்திருத்தக் கிறிஸ்தவ வீடு இராது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தும், ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியும், 1779-ல் வெளிவந்த தமிழ் அகராதியைத் தொகுத்தும் அவர் புரிந்த தொண்டு பெரிது. அத்தொண்டில் பெரும் பகுதி நிகழ்ந்த இடம் இந்த வேப்பேரியே. 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்து, அங்கிருந்து கொள்ளைப் பொருளாகக் கொண்டுவந்த அச்சு இயந்திரத்தையும் அவரிடமே கொடுத்தனர். வேப்பேரி அச்சகம் அவ்வாறு பிறந்தது. நாகர்கோவிலில் மீட் ஐயர் லண்டன் மிஷன் அச்சுக்கூடத்தை அமைத்தது இதற்குப் பல பத்தாண்டுகள் பின்பு. அர்மீனியர் ஒருவர் தம் மாதாவுக்குக் கட்டிய வளாகம், அவர் கண்மூடியபின், தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டு வெளிவரும் இடமாயிற்று. அபகரிப்பில் தொடங்கிய காரியமாயினும் அதனால் தமிழுக்கு நன்மை விளைந்தது. ஆனால் இழந்தவரின் பெயரையும் அந்த நன்மையோடு சேர்த்து நாம் நினைப்பது கடன்.

பிற்பகலில் பிள்ளைகள் வந்து சேர்ந்தது பாரிமுனைக்கு அருகில் உள்ள அரண்மனைக்காரன் தெரு. அரண்மனை ஒன்றும் அங்கே இருந்ததில்லை. அர்மீனியரின் பெயர்தான் சென்னை மக்களின் நாவில் அவ்வாறு ஆகிவிட்டது. மூட்டை சுமப்போரும் தள்ளுவண்டிகளும் நெருக்கும் அந்தத் தெருவில், கனத்த கதவைத் தாண்டி உள்ளே அடி வைத்ததும் இரைச்சல் அடங்கிவிடுகிறது. 1712-ஐ ஒட்டிக் கோட்டைக்கு அருகே அர்மீனியர் கட்டியிருந்த முதல் கோயில் நிலைக்காமற் போக, அவர்களுடைய இடுகாடாக இருந்த இந்த நிலத்தில் 1772-ல் எழுந்தது கன்னி மரியாளின் பெயர் கொண்ட இக்கோயில். வழிபட இப்போது அர்மீனியக் குடும்பங்கள் சென்னையில் இல்லை; கல்கத்தாவிலுள்ள அர்மீனிய சபையார் பராமரிக்கின்றனர். முற்றத்தில் ஏறத்தாழ 350 பேர் அடங்கியிருக்கின்றனர். கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைக் கற்களே ஆதலால், பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தனர். யாரும் அவர்களிடம் அவ்வாறு சொல்லவில்லை.

மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஒவ்வொன்றும் 150 கிலோ அளவு எடை. 1754-ஆம் ஆண்டைச் சேர்ந்த மிகப் பழைய மணி, 1808-ல் மீண்டும் வார்க்கப்பட்டபோது அதில் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. அர்மீனிய எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே வெண்கலத்தில் இணைந்திருப்பதை வேறெங்கே காண முடியும்? 1837-ஐச் சேர்ந்த இரண்டு மணிகள் லண்டனில் தாமஸ் மியர்ஸின் பட்டறையில் வார்க்கப்பட்டவை. 1778-ஆம் ஆண்டு மணியோ, பத்தொன்பதே வயதில் மாண்ட எலியாசர் என்ற இளைஞரின் ஞாபகமாக ஏற்பட்டது. இந்த எலியாசரின் தந்தையே, இக்கோயிலுக்கு நிலமளித்த ஷாஹமீர் ஷாஹமீரியன். சென்னை அர்மீனியரின் சரித்திரத்தில் உஸ்கானுக்கு நிகராக, ஒரு வகையில் அவரினும் மேலாக, போற்றத் தக்கவர்.

புதிய ஜூல்பாவில் 1723-ல் பிறந்து, சென்னையில் வாணிபத்தால் பெருஞ்செல்வரான ஷாஹமீரியன், கோயில் எழுந்த அதே 1772-ஆம் ஆண்டில், தம் அச்சகத்தில் அர்மீனிய மொழிக்கான ஒரு பாலபோதினியையும், பள்ளி ஆசிரியரான மோவ்ஸஸ் பக்ராமியன் எழுதிய ‘நோர் தெத்ராக்’ என்ற நூலையும் அச்சிட்டார். அர்மீனியர் அடிமைப்பட்ட காரணங்களை ஆராய்ந்து, இளைஞர்களைச் சுதந்திரத்துக்கு எழுப்பும் நூல் அது. எட்மியாட்சினில் வீற்றிருந்த அர்மீனியத் திருச்சபைத் தலைவர் சிமியோன், பாரசீக, துருக்கி அரசுகளின் கோபம் தம் மக்கள்மேல் பாயுமே என்று அஞ்சி, அந்நூலின் பிரதிகளை எரிக்கும்படி கட்டளையிட்டார். அதனால் ஷாஹமீரியன் அடங்கிவிடவில்லை. முகப்பில் 1773 என்ற ஆண்டையும் மகன் ஹாகோபின் பெயரையும் தாங்கிய ‘வோரொகாய்த் பராத்ஸ்’ என்ற நூலில், தந்தையின் சிந்தனையென்று அறிஞர் பலரும் கொள்ளும் ஓர் அரசியல் சட்டம் அடங்கியிருக்கிறது. இனி எப்போதாவது விடுதலை பெறப்போகும் அர்மீனியாவுக்காக வகுத்த சட்டம், 521 விதிகள், மன்னனுக்குக் கட்டுப்படாமல், குடிகள் தெரிந்தெடுத்த சபையும் எழுதிய சட்டமும் ஆளும் ஆட்சி. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் கல்வி கற்க வேண்டும் என்பதும் அதில் விதிக்கப்பட்டிருந்தது.

இதை நான் பிள்ளைகளிடம் சற்று நீட்டியே சொன்னேன். வாசகரிடமும் அவ்வாறே சொல்ல ஆசைப்படுகிறேன். அந்நூல் உருவாகிய காலத்தில் நம் பத்மநாபபுரத்து அரண்மனையில் தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ஆண்டுகொண்டிருந்தார். பிரான்சில் புரட்சி இன்னும் எழவில்லை. ஐரோப்பாவில் அநேகமாக எங்கும் ராஜாக்களின் வாக்கே வேதமாக இருந்தது. அத்தகைய காலத்தில், கையகல நிலமும் தமக்கென இல்லாத ஒரு ஜனத்தின் வணிகர், நூற்றுக்கணக்கான காதம் தள்ளி, கறுப்பர் பட்டணத்து வெயிலில் உட்கார்ந்து, தம் தேசம் எப்படி ஆளப்பட வேண்டும் என்று விதி விதியாக எழுதினார். நாடு இருப்பவர்கள் சட்டம் எழுதுவதைச் சரித்திரம் கண்டிருக்கிறது. நாடு இல்லாதவர்கள், அது வருமுன்னரே அதற்குச் சட்டம் எழுதி அச்சிட்டு வைத்தது இங்கே நிகழ்ந்தது. ஜார்ஜியாவின் மன்னர் இரண்டாம் எரெக்லே கைகொடுப்பார் என்று ஷாஹமீரியன் நம்பினார். அம்மன்னரும் அவருக்குப் பட்டம் அளித்தார். நாட்டை மீட்டுத் தர அவராலும் இயலவில்லை. 1797-ல் ஷாஹமீரியன் சென்னையிலேயே காலமானார்.

“சாரே, அப்போ அவங்களுக்கு நாடு எப்பதான் கிடைச்சது?” என்று ஒரு பையன் கேட்டான். 1918-ல் முதற் குடியரசு எழுந்து இரண்டாண்டிலேயே சோவியத் ஆட்சிக்குள் அமிழ்ந்ததையும், 1991-ல் மீண்டும் சுதந்திரம் வந்ததையும் சொன்னேன். “இருநூறு வருஷம் ஆச்சே!” என்றான் அவன். ஆம்; இருநூறு வருஷத்துக்கும் மேல்.

முற்றத்திலேயே இன்னொரு கல்லறை. ஹருத்தியூன் ஷ்மவோனியன் என்ற குருவினுடையது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தில் பிறந்து, 1784-ல் சென்னை அர்மீனியருக்குக் குருவாக வந்தவர். ஒரே வாரத்தில் இரண்டு புதல்வர்களைப் பறிகொடுத்த துயரத்தில் உலகை வெறுத்து ஒதுங்கி, தர்விஷ்களோடு தங்கிப் பாரசீக இலக்கியத்தில் மனத்தை ஆழ்த்தி ஆறுதல் தேடியவர். பின்னர் சென்னையில் தாமே ஓர் அச்சகத்தை ஏற்படுத்தி, 1794-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்தில் அர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுவே. அர்மீனிய மொழியின் முதல் அச்சுப் புத்தகம் 1512-ல் வெனிஸில் வெளிவந்தது, முதல் பத்திரிகையோ அர்மீனியாவிலும் வெளிவரவில்லை, வெனிஸிலும் வெளிவரவில்லை, கான்ஸ்டான்டினோபிளிலும் வெளிவரவில்லை, சென்னையில் வெளிவந்தது. கப்பல்களின் வரவு செலவு, சரக்கு விலை, சமூகச் செய்தி, இலக்கியம் ஆகியவற்றைத் தாங்கி ஒன்றரை ஆண்டு நடந்து, 1796-ல் நின்றுபோயிற்று. சந்தாதாரர் மிகச் சிலரே. ஷ்மவோனியன் அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, 1824-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ல் மறைந்தார். அர்மீனியாவிலிருந்து சென்னைக்கு வருகிற பெரியோர் அவருடைய கல்லறைக்கு வந்து மரியாதை செலுத்திச் செல்கின்றனர்.

தமிழின் முதல் அச்சுப் புத்தகங்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் நம் அண்டைத் துறைமுகமாகிய கொல்லத்தில் வெளிவந்ததை, இத்தொடரின் முற்பகுதியில் வாசகர் படித்திருப்பர். அதை அச்சிட்டவர் போர்த்துக்கல்லில் பிறந்த பாதிரியார் அன்றிக் அடிகள். நம் மொழிக்கு அச்சைத் தேடித் தந்தவர் கடல் கடந்து வந்தவர். கடல் கடந்து வந்த இன்னொரு மொழிக்குப் பத்திரிகையைப் பெற்றுத் தந்தது நம் கரை. இக்கொடுக்கல் வாங்கலைப் பிள்ளைகள் கண்ணால் காணும்படி செய்ததே அந்த நாளின் பெரும் பயன் என்று நான் மதிக்கிறேன்.

புத்திர சோகம் ஷாஹமீரியன், ஷ்மவோனியன் ஆகிய இருவர் வாழ்விலும் குறுக்கிட்டதைக் கவனிக்க வேண்டும். ஷ்மவோனியன் இருவரை ஒரே வாரத்தில் இழந்தார். ஷாஹமீரியன் 1765-ல் மனைவியையும், 1774-ல் ஹாகோபையும், பின்னர் எலியாசரையும் இழந்தார். சொந்த ஊரும் உறவும் தூரத்தில் இருக்க, அந்நிய மண்ணில் இத்தகைய அடிகளைத் தாங்குவது எவ்வளவு அரிது என்பதை, பிழைப்புக்காகக் கடல் கடந்து போன பிள்ளைகளையும் பெற்றோரையும் உடைய நம் மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விருவரும் தம் துக்கத்தைக் கோயிலாகவும் மணியாகவும் அச்சாகவும் மாற்றிச் சமூகத்துக்குக் கொடுத்துவிட்டனர்.

சென்னை அர்மீனியரின் கடைசித் தலைமுறைச் செல்வர்களும் அவ்வழியையே பின்பற்றினர். சாமுவேல் மூராத் என்பவரும், எட்வர்ட் ராபேல் என்பவரும் சென்னையில் ஈட்டிய செல்வத்திலிருந்து அர்மீனியப் பிள்ளைகளின் கல்விக்கென்று பெருந்தொகை ஒதுக்கி வைத்தனர். அவர்கள் காலத்துக்குப் பின், மெகிதாரியர் என்னும் அர்மீனியத் துறவிகளின் முயற்சியால், அப்பணத்தைக் கொண்டு 1834-ல் பதுவாவிலும் 1836-ல் வெனிஸிலும் அர்மீனிய மாணவருக்கான கல்லூரிகள் எழுந்தன. இத்தாலியின் அந்த இரு பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுள் எத்தனை பேர், தங்கள் கட்டணத்தைச் செலுத்தியது சென்னைத் துறைமுகத்து வாணிபம் என்று அறிந்திருப்பரோ!

இருட்டுவதற்குள் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்று வண்டியேற்ற வேண்டியிருந்ததால், அருகிலேயே உள்ள தூய மரியன்னை இணைப் பேராலயத்தை வாயிலில் நின்று பார்த்ததோடு திரும்பினோம். நம் பக்கத்திலிருந்து இந்த இடங்களைக் காணச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: அதிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, தெற்கிலிருந்து வடக்காக, மலை, பாலம், வேப்பேரி, அரண்மனைக்காரன் தெரு என்ற வரிசையிலேயே செல்லுங்கள், வெயில் ஏறுமுன் படியேற்றம் முடிந்துவிடும். அர்மீனியக் கோயிலின் ஆறு மணிகளையும் கேட்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அங்கே இருக்குமாறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அப்போது வரிசையை மாற்றிக் கோயிலை முதலில் வைத்துக்கொள்ளலாம்.

ஷாஹமீரியனின் மகன் ஹாகோப் இந்தக் கோயில் முற்றத்தில் இல்லை. தந்தையின் வாணிபத்தை முன்னிட்டுக் கிழக்கே பிரயாணப்பட்டு, 1774-ல் மலாக்காவில் இறந்து, அங்கேயே அடக்கமானார்; அர்மீனிய எழுத்துப் பொறித்த அவருடைய கல்லை மலாக்காவின் கிறிஸ்து ஆலயத்தில் காணலாம். சோழமண்டலத்துத் துணிமூட்டைகளோடு அர்மீனியரும், அவர்களுக்கு முன்பே தமிழ்ச் செட்டிகளும் மரக்காயர்களும் சென்று வாழ்ந்த அந்தத் துறைமுகத்தின் கதையை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)